குட்டி யானையில் ஏறும் மேடை: நாடகக் குழுவுக்கு மடக்கு மேடை செய்யும் முழு வழிகாட்டி

நாடக மேடைக்கான அளவை அரங்கத்திலிருந்து எடுக்காதீர்கள். வண்டியிலிருந்து எடுங்கள். சென்னையில் சிறிய நாடகக் குழுக்களுக்குச் சொந்த அரங்கம் கிடையாது. இந்த வாரம் எழும்பூர் மியூசியம் தியேட்டர், அடுத்த மாதம் தி.நகரில் ஒரு சபா, அப்புறம் பெசன்ட் நகரில் ஒரு திறந்தவெளி, நடுவில் ஒரு கல்லூரி வளாகம் என்று அலைவதுதான் நடைமுறை. போகிற இடமெல்லாம் உயரமும் தாழ்வுமாக ஒரு களம் வேண்டும் என்றால், அதைக் கையோடு கொண்டுபோக வேண்டும். ஆர்.எஸ். மனோகர் காலத்துப் பெரிய நாடகக் கம்பெனிகள் லாரி லாரியாகச் செட் கொண்டுபோன ஊர் இது. இன்றைய சிறு குழுவுக்குக் கிடைப்பது ஒரு டாடா ஏஸ், நம் ஊர் பாஷையில் குட்டி யானை.

அதன் தளம் ஏழு அடிக்குச் சற்றுக் கூடுதல் நீளம், ஐந்து அடிக்குச் சற்றுக் குறைந்த அகலம். முக்கால் டன் சுமக்கும். முழு பிளைவுட் ஷீட் எட்டுக்கு நாலு அடி. அதை அப்படியே மேடையாக்கினால் பின்கதவை மூட முடியாது, மாடிப்படியில் திருப்ப முடியாது, தூக்க எப்போதும் இரண்டு பேர் வேண்டும். அதையே பாதியாக அறுத்து நாலுக்கு நாலு ஆக்கினால் ஒரு துண்டும் வீணாகாது, எந்தக் கதவிலும் நுழையும், ஒருவரே தூக்கலாம். இந்த வழிகாட்டி நாலுக்கு நாலு அடி அளவில், ஒரு அடி உயரத்தில், எட்டு மடக்கு மேடைகள் செய்வது பற்றியது. எட்டையும் சேர்த்து வைத்தால் 16 அடிக்கு 8 அடி களம். ஏழெட்டு நடிகர்கள் தாராளமாக நடமாடலாம்.

இரும்பில் செய்யலாமே என்று கேட்பவர்கள் உண்டு. செய்யலாம், வெல்டிங் பட்டறை தெருவுக்குத் தெரு இருக்கிறது. ஆனால் இரும்புச் சட்டத்தின்மேல் பலகை வைத்து ஆடினால் எழும் சத்தம் வசனத்தைக் கொன்றுவிடும். கடலோரக் காற்றில் துருவும் சீக்கிரம் ஏறும். மூன்று அடிக்கு மேல் உயரம் வேண்டுமென்றால் இரும்புதான் சரி, அதையும் கணக்குத் தெரிந்த ஒரு பொறியாளரைப் பார்க்கச் சொல்லிவிட்டுத்தான் செய்ய வேண்டும். இரண்டு அடி வரை நான் பிளைவுட் பக்கம்தான்.

மடிப்பின் சூத்திரம்

மடக்கு மேடையில் இரண்டு வகை உண்டு. நாலு பலகைகளை மூலைகளில் கீல் போட்டு இணைத்து, சாய்சதுரம்போல் ஒரு பக்கமாகத் தள்ளி மடிப்பது ஒன்று. செய்வதற்குச் சுலபம், ஆனால் மடித்த பிறகு நீளம் கூடிப்போகும்: நாலுக்கு நாலு மேடை மடிந்தால் எட்டு அடி நீளக் கட்டாகிவிடும். குட்டி யானைக்கு அது ஆகாது.

இரண்டாவது வகையில், முனைகளில் உள்ள பலகைகள் நடுவில் இரண்டாக அறுக்கப்பட்டு உள்பக்கமாக மடியும். பக்கப் பலகைகள் இரண்டும் ஒன்றையொன்று நோக்கி நெருங்கும். மடித்த கட்டு நாலு அடி நீளம், ஒரு அடிக்கும் குறைவான உயரம், சுமார் நாலு அங்குலக் கனம். நாம் செய்யப்போவது இதுதான்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. இந்தப் பலகைகள் சேர்ந்த சட்டம் மிகச்சரியான சதுரமாக இருந்தால் முழுதாக மடியாது. இரு முனைகளிலிருந்தும் உள்ளே வரும் பலகைகள் நடுவில் ஒன்றையொன்று முட்டிக்கொள்ளும், கீலின் உருளை வேறு இடிக்கும். அதனால் சட்டத்தின் நீளத்தை விட அகலம் ஒரு அங்குலமாவது குறைவாக இருக்க வேண்டும். நம் கணக்கு: பக்கப் பலகை 47 அங்குலம், சட்டத்தின் வெளி அகலம் 46 அங்குலம். மேலே வைக்கும் மூடி மட்டும் முழு 48க்கு 48. முனைகளில் அரை அங்குலமும் பக்கங்களில் ஒரு அங்குலமும் மூடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். கீல் உருளையும் போல்ட் நட்டும் அந்த இடைவெளிக்குள் ஒளிந்துகொள்ளும். பக்கத்து மேடையின் மூடி இடிக்காமல் ஒட்டி நிற்கும்.

என்ன வாங்க வேண்டும்

18 மி.மீ. பி.டபிள்யூ.ஆர். தர (கொதிநீரையும் தாங்கும் வகை) பிளைவுட், ஐ.எஸ். 303 என்ற இந்தியத் தரநிலை முத்திரையோடு, ஒன்பது ஷீட். நாலு ஷீட் மூடிகளுக்கு, ஐந்து ஷீட் சட்டங்களுக்கு. பெரியமேடு சைடன்ஹாம்ஸ் ரோட்டில் கடை கடையாக ஏறி இறங்கி விலை கேட்கலாம். விலையை விட முக்கியம், ஷீட்டின் ஓரத்தைப் பார்ப்பது. அடுக்குகளுக்கு நடுவே பொந்து தெரிந்தால் அந்த ஷீட் வேண்டாம். விரல் கணுவால் தட்டிப் பாருங்கள், சத்தம் இடத்துக்கு இடம் மாறினாலும் வேண்டாம். ஓரளவு ஈரம் மட்டுமே தாங்கும் மலிவான எம்.ஆர். தரம் ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் ஊதிவிடும். 18 என்று விற்பது எல்லாம் 18 இருக்காது. வெர்னியர் வைத்து அளந்து, கிடைத்த உண்மையான கனத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கீழே சொல்லும் வெட்டுகள் அதைப் பொறுத்து ஒன்றிரண்டு மி.மீ. மாறும்.

மூன்று அங்குலக் கீல் மேடைக்கு 12, ஆக 96. துத்தநாகப் பூச்சு உள்ளதாகவோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாகவோ இருக்கட்டும். கீலுக்கு ஸ்க்ரூ போடாதீர்கள். 18 மி.மீ. பலகையில் குட்டை ஸ்க்ரூ பத்து முறை மடித்து விரித்தாலே ஆடத் தொடங்கிவிடும். தட்டைத் தலை மெஷின் ஸ்க்ரூவை முழுவதும் துளைத்து எடுத்து, மறுபக்கம் வாஷர், நைலாக் நட் (எளிதில் தளராத நட்) போடுங்கள். செலவு கொஞ்சம் கூடும், ஆனால் மேடையின் ஆயுளைத் தீர்மானிக்கும் செலவு இது. இவற்றோடு தண்ணீர் தாங்கும் மரப்பசை, 30 மி.மீ. ஸ்க்ரூ, 8 மி.மீ. கனத்தில் நீளமான போல்ட்டும் விங் நட்டும், பளபளப்பு இல்லாத கறுப்புப் பெயின்ட், சைக்கிள் கடையில் கழித்துப்போட்ட டியூப் ஒரு சாக்கு.

அறுப்பது

கையால் அறுப்பதை விட, பேனல் சா (ஷீட்டை நேராக அறுக்கும் இயந்திரம்) வைத்திருக்கும் மரப்பட்டறைக்கு ஷீட்டைக் கொண்டுபோவதே மேல். எட்டு மேடையும் ஒன்றுக்கொன்று மாற்றிப் போடும்படி இருக்க வேண்டுமென்றால் எல்லாத் துண்டும் ஒரே அமைப்பில் அறுபட வேண்டும். ஒரு அளவுக்கு இயந்திரத்தை நிறுத்தினால், அந்த அளவுத் துண்டு அத்தனையையும் முடித்த பிறகே அடுத்த அளவுக்கு மாற்றச் சொல்லுங்கள்.

மூடிக்கான நாலு ஷீட்டை நடுவில் பாதியாக்கினால் எட்டு மூடி. சட்டத்துக்கான ஐந்து ஷீட்டை நீளவாக்கில் 286 மி.மீ. அகலப் பட்டைகளாக அறுங்கள். ஷீட்டுக்கு நாலு பட்டை வரும், மிச்சம் 6 செ.மீ. சொச்சத்தில் ஒரு துண்டுப் பட்டை நிற்கும். அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், மூடி நகராமல் பிடிக்கும் தடுப்புக் கட்டைக்கு வேண்டும். 286 மி.மீ. சட்டமும் 18 மி.மீ. மூடியும் சேர்ந்து ஒரு அடி உயரம்.

பட்டைகளிலிருந்து ஒரு மேடைக்கு எடுக்க வேண்டியவை:

பக்கப் பலகை: 1194 மி.மீ., இரண்டு.
முனைப் பலகை: 565 மி.மீ., நாலு. இரண்டு சேர்ந்தது ஒரு முனை.
நடுப் பலகை: 1168 மி.மீ., ஒன்று. மூடியை நடுவில் தாங்குவது.

அடுத்தது கனம் குறைக்க ஜன்னல் வெட்டுவது. பக்கப் பலகையிலும் நடுப் பலகையிலும் ஒரே பெரிய ஜன்னல் வெட்டத் தோன்றும், கூடாது. நடுவில் ஒரு கால் தரையைத் தொட வேண்டும். அந்தக் கால் இல்லாவிட்டால் மேல்விளிம்பு நாலு அடி தூரத்துக்குத் தனியாகச் சுமக்கும், ஆட்டத்தின்போது வளையும். அதனால் இரண்டு ஜன்னல்: பக்கப் பலகையில் முனைக் கால்கள் 10 செ.மீ., நடுக்கால் 15 செ.மீ.; நடுப் பலகையில் நடுக்கால் 12 செ.மீ. போதும். முனைப் பலகைகளில் தலா ஒரு ஜன்னல், இருபுறமும் 9 செ.மீ. கால். எல்லாவற்றிலும் மேல்விளிம்பு 75, கீழ்விளிம்பு 60 மி.மீ. நிற்கட்டும். ஜன்னலின் மூலைகளில் முதலில் வட்டத் துளை போட்டு, துளையிலிருந்து துளைக்கு ஜிக்சாவால் அறுங்கள். கூர்மையான மூலையிலிருந்துதான் விரிசல் புறப்படும்.

கடைசியாக அடிப்பக்கத்தில் கால்களுக்கு நடுவே ஒரு செ.மீ. குடைந்து எடுத்துவிடுங்கள். சபாக்களின் பழைய மரத்தளம் எங்கும் சமமாக இருக்காது. முழு விளிம்பும் தரையில் படிந்தால் மேடை நொண்டும். கால்கள் மட்டும் பட்டால் நொண்டும் இடத்தில் ஓர் அட்டைத் துண்டைச் செருகிச் சரிசெய்யலாம்.

நடுப் பலகையின் பூட்டு

நடுப் பலகை கழற்றி மாட்டும் துண்டு. மூடி நாலு அடி தூரமும் தாங்கலின்றி அந்தரத்தில் நிற்காமல், இரண்டு அடிக்கு ஒரு தாங்கல் கிடைக்கச் செய்வது இதன் வேலை. இதற்குப் பக்கப் பலகையின் நடுக்காலில், மேலிருந்து 143 மி.மீ. ஆழத்துக்கு ஒரு வெட்டு. அகலம் உங்கள் பலகைக் கனத்தை விட ஒன்றரை மி.மீ. கூடுதல். நடுப் பலகையின் இரு முனைகளிலும் கீழ்ப்பாதியில் 19 மி.மீ. குறைத்துவிட்டால் மேல்பாதி நாக்குபோல் நீளும். அந்த நாக்கு மேலிருந்து வெட்டுக்குள் இறங்கி உட்காரும். ஆணியில்லை, போல்ட் இல்லை. உள்பக்கத்தில் கட்டை அடித்துத் தாங்கு பள்ளம் செய்வது சுலபமாயிற்றே என்று உங்கள் ஆசாரி சொல்லலாம். அப்படிச் செய்தால் மடியும் முனைப் பலகைகள் அந்தக் கட்டையில் இடித்து நின்றுவிடும் என்பதை அவருக்கு ஒரு அட்டை மாதிரியில் மடித்துக் காட்டுங்கள். மரத்தைத் தொடும் முன் எல்லாவற்றையும் பத்தில் ஒரு பங்கு அளவில் அட்டையில் செய்து பார்ப்பது எப்படியும் நல்லது.

கீல் மாட்டுவது

இங்கேதான் பொறுமை வேண்டும். மூலைகளில், அதாவது பக்கப் பலகையும் முனைப் பலகையும் சேரும் இடத்தில், கீல் உள்முகத்தில் இருக்க வேண்டும். முனைப் பலகைகள் இரண்டும் ஒன்றோடொன்று சேரும் நடு இடத்தில் கீல் வெளிமுகத்தில் இருக்க வேண்டும். இதை மாற்றிப் போட்டால் மேடை மடியாது, அல்லது வெளிப்பக்கமாக விரியும். சரியாகப் போட்டால் இன்னொரு நன்மை: முனைப் பலகைகள் நேர்கோட்டுக்கு வந்ததும் விளிம்போடு விளிம்பு முட்டி நின்றுவிடும், அதற்கு மேல் வெளியே பிதுங்காது.

ஒவ்வொரு சேர்க்கைக்கும் இரண்டு கீல். மேல் கீலை மேல்விளிம்பிலிருந்து குறைந்தது 5 செ.மீ. கீழே வையுங்கள், மூடியின் தடுப்புக் கட்டை அதற்கு மேலே உட்கார வேண்டும். சமதளத்தில் சட்டத்தை நிறுத்தி, மூலைமட்டம் வைத்து, முதலில் ஒவ்வொரு கீலுக்கும் ஒரே ஒரு ஸ்க்ரூ மட்டும் போட்டு மடித்து விரித்துப் பாருங்கள். தடையில்லாமல் மடிந்தால் மற்ற துளைகளைப் போடலாம். நட்டுக்கு வெளியே நீளும் மரையை ஹாக்சா பிளேடால் அறுத்து அரம் போட்டு மழுக்குங்கள். இருட்டில் சுமப்பவரின் கையையும், ஓரமாக நடக்கும் நடிகையின் புடவைத் தலைப்பையும் கிழிப்பது இந்த மாதிரி முனைகள்தான்.

மூடி

பிளைவுட்டின் மேல் அடுக்கில் ஓடும் ரேகைத் திசைக்கு வலிமை அதிகம். அந்த ரேகை பக்கப் பலகைகளுக்கு இணையாக, அதாவது நடுப் பலகையைக் குறுக்கே கடந்து ஓட வேண்டும். மூடி சதுரம் என்பதால் இதைத் திருப்பிப் போடும் வாய்ப்பு நிறைய. அடிப்பக்கத்தில் அம்புக்குறி வரைந்துவிடுங்கள்.

தடுப்புக் கட்டைக்கு அளவு போட்டுக் குழம்ப வேண்டாம். மூடியைக் கவிழ்த்து வைத்து, அதன்மேல் விரித்த சட்டத்தையும் நடுப் பலகை மாட்டிக் கவிழ்த்து, நான்கு பக்கமும் நீட்டலைச் சரிபார்த்து, உள்விளிம்பை ஒட்டிப் பென்சிலால் கோடு போடுங்கள். அந்தக் கோட்டிலிருந்து 2 மி.மீ. உள்ளே தள்ளி, மிச்சம் வைத்த பட்டையிலிருந்து 15 செ.மீ. துண்டுகளைப் பசையும் ஸ்க்ரூவும் போட்டுப் பொருத்துங்கள். நாலு மூலையிலும் ஒவ்வொன்று, இரு முனைகளின் நடுவிலும் ஒவ்வொன்று. முனை நடுவில் வரும் அந்த இரண்டையும் விட்டுவிடாதீர்கள். ஆட்டத்தின் நடுவே முனைப் பலகை உள்ளே மடியாமல் பிடித்திருப்பது அவைதான். அடவு, குதியாட்டம் உள்ள நாடகமென்றால் மூடி எம்பாமல் இருக்க இரு முனைகளிலும் பெட்டிக்குப் போடும் இழுப்புக் கொக்கி ஒன்றும் போடுங்கள்.

சத்தத்துக்கு மருந்து சைக்கிள் டியூப். நீளவாக்கில் வெட்டி விரித்து, சட்டத்தின் மேல்விளிம்பு முழுக்க ரப்பர் பசையால் ஒட்டுங்கள். கால்களின் அடியிலும் ஒட்டுங்கள். மேலே மரத்தோடு மரம் உரசும் கிறீச்சும் போகும், கீழே அரங்கத் தரையில் கீறலும் விழாது. மியூசியம் தியேட்டர் 1896இல் கட்டியது. அப்படிப்பட்ட இடத்தில் ஆணி அடிப்பதோ தரையைக் கீறுவதோ நம் வேலையில்லை.

பெயின்ட்டில் இரண்டே விஷயம். மேல்பக்கம் கறுப்பு, பளபளப்பில்லாமல். வார்னிஷ் அடித்தால் விளக்கொளி எதிரடிக்கும், வியர்த்த வெறுங்கால் வழுக்கும். அறுபட்ட விளிம்புகளுக்கு இரண்டு கோட் கூடுதலாக அடியுங்கள், ஈரம் நுழையும் வாசல் அதுதான்.

ஆட்களை ஏற்றும் முன்

கூட்டம் கூடும் தளங்களுக்கு, கட்டடச் சுமைகளுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 875 கேட்கும் சுமை சதுர மீட்டருக்கு 5 கிலோ நியூட்டன். நாலுக்கு நாலு அடி மேடைக்கு அது சுமார் 750 கிலோ, சிமென்ட் மூட்டைக் கணக்கில் பதினைந்து. பக்கத்தில் எங்காவது கட்டட வேலை நடந்தால் கேட்டுப் பாருங்கள், ஒரு மணி நேரம் அடுக்கிவைக்க மூட்டை கிடைத்துவிடும். முதலில் பாதி, அப்புறம் முழுவதும். ஏற்றிய பின் அடியில் டார்ச் அடித்துப் பார்த்து, விளிம்புகள் வளைகின்றனவா, கீல் ஸ்க்ரூ இழுபடுகிறதா என்று கவனியுங்கள். மூட்டையை இறக்கியதும் மூடி பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும்.

அப்புறம் பக்கவாட்டுச் சோதனை. நான்கு பேர் மேலே நின்று ஒரே தாளத்தில் இடமும் வலமும் சாய்ந்து ஆடட்டும். கீழ்நோக்கிய சுமையை மேடைகள் தாங்கிவிடும். பல மேடைகள் சரிவது இந்தப் பக்கவாட்டு ஆட்டத்தில்தான். ஆட்டம் தெரிந்தால் முதலில் தடுப்புக் கட்டையின் இடைவெளியைப் பாருங்கள், பெரும்பாலும் அங்கேதான் தளர்வு இருக்கும்.

இவ்வளவு சோதனை எதற்கு என்றால், நடிகர் காலடியைப் பற்றி யோசிக்கத் தொடங்கிய கணத்தில் பாத்திரம் கைவிட்டுப் போய்விடும். தரையை நம்பினால்தான் அவர் ஓடுவார், விழுவார், எழுவார். அந்த நம்பிக்கையை ஒத்திகையிலேயே கொடுத்துவிட வேண்டும். குறைந்தது கடைசி சில ஒத்திகைகளாவது இந்த மேடைமேல் நடக்கட்டும்.

அரங்கத்தில் மாட்டும் வரிசை

முதலில் எட்டுச் சட்டங்களையும் விரித்து இடத்தில் நிறுத்துங்கள். ரசமட்டம் வைத்து, நொண்டும் கால்களுக்கு அட்டை கொடுங்கள். அடுத்து சட்டத்தோடு சட்டத்தை இணைக்கும் போல்ட். பக்கப் பலகைகளுக்கு நடுவே இரண்டு அங்குல இடைவெளி இருக்கும், முனைகளுக்கு நடுவே ஒரு அங்குலம். அந்த அளவில் துண்டுக் கட்டைகளை முன்கூட்டியே துளையிட்டுத் தயாராக வைத்துக்கொண்டு, கட்டையை நடுவில் வைத்துப் போல்ட்டைச் செருகி, விங் நட்டைக் கையால் இறுக்கினால் போதும். போல்ட் இல்லாமல் ஒட்டி மட்டும் வைத்த மேடைகள் ஆட்டத்தில் விலகும், விலகிய சந்தில் கால் மாட்டும். இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம். போல்ட் முடிந்த பிறகு நடுப் பலகைகள், எல்லாவற்றுக்கும் கடைசியில் மூடிகள். மூடியை முதலில் போட்டுவிட்டால் போல்ட்டுக்குக் கை எட்டாது.

விளிம்பு நெடுக வெள்ளை டேப், நுழைவு வெளியேற்ற இடங்களில் இருட்டில் ஒளிரும் டேப். ஒரு அடி உயரத்துக்கு ஏற அரை அடி உயரத்தில் ஒரு படி வேண்டும். மிஞ்சிய துண்டுகளில் செய்துவிடலாம், ஆனால் அதையும் போல்ட் போட்டு மேடையோடு பிணையுங்கள்.

இரண்டு அடி உயரம் வேண்டுமென்றால்

முறை இதேதான். பட்டையின் அகலம் 590 மி.மீ. ஆகும், ஷீட்டுக்கு இரண்டு பட்டைதான் வரும், ஆகவே சட்டத்துக்கு மட்டும் பத்து ஷீட் வேண்டும். ஜன்னல்களை நேர்மூலையாக வெட்டாமல், ஒவ்வொரு மூலையிலும் முக்கோணமாகப் பலகையை விட்டுவிடுங்கள். உயரம் கூடும்போது பக்கவாட்டு ஆட்டத்தைத் தடுப்பது அந்த முக்கோணம்தான். ஒரு சேர்க்கைக்கு மூன்று கீல். பின்பக்கமும் ஓரங்களும் பார்வையாளர் பக்கம் இல்லையென்றால் கைப்பிடிக் கம்பி போடுங்கள். இரண்டு அடியிலிருந்து பின்னால் காலை வைத்து விழுந்தால் அடி பலமாகவே படும்.

வைத்துப் பாதுகாப்பது

ஒரு மேடை முழுவதும் சேர்ந்து 30 கிலோவை ஒட்டி வரும். எட்டும் சேர்ந்து 250 கிலோ. வண்டியில் மூடிகளை அடியில் படுக்கவைத்து, மடித்த சட்டங்களை மேலே அடுக்கி, நடுப் பலகைகளை ஓரமாகச் செருகினால் விளக்கு, உடைப்பெட்டிக்கும் இடம் மிஞ்சும். சட்டம், மூடி, நடுப் பலகை மூன்றிலும் ஒரே எண்ணைப் பெயின்ட்டால் எழுதிவிடுங்கள்.

தரைத்தளத்தில் வைக்க நேர்ந்தால் தரையோடு வைக்காதீர்கள். 2015 டிசம்பரையும் 2023 டிசம்பரையும் பார்த்த ஊருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. செங்கல் போதாது, இடுப்பு உயரத்துக்கு ஒரு பரண் அடியுங்கள். கரையானுக்கும் அது நல்லது. சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, காற்று புகும்படி நிறுத்திவையுங்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் ஒருமுறையும், மார்கழி நிகழ்ச்சிகள் முடிந்ததும் ஒருமுறையும் எல்லாக் கீலுக்கும் ஒரு சொட்டு எண்ணெய், எல்லா நட்டுக்கும் ஒரு ஸ்பானர் பார்வை. ரப்பர் உரிந்த இடத்தை ஒட்டுங்கள், பெயின்ட் போன விளிம்பைப் பூசுங்கள். விரிசல் கண்ட பலகைக்குப் பட்டி பார்த்து மறைக்காமல், அந்த ஒரு பலகையை மட்டும் அதே அளவில் புதிதாக அறுத்து மாற்றிவிடுங்கள்.